யாராலும் திறக்க முடியாத குரல்

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன மறு ஆண்டு எனக்கு ஒரு லேப்டாப் கொடுத்தார்கள். கனமான கறுப்புப் பெட்டி. மடியில் வைத்தால் கொஞ்ச நேரத்திலேயே தொடை சுடும். தொண்ணூறுகளில் மாமல்லபுரத்தை ஒட்டிய குப்பங்களில் பெண்களுக்கு மாலை வகுப்பு எடுத்தபோது என்னிடம் இருந்தது ஒரு கேசட் ரெக்கார்டர்தான். பதிந்த கேசட்டுகள் செங்கல்பட்டில் எங்கள் வீட்டு அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில் கிடக்கும். அவற்றை யாராவது எடுத்துக் கேட்டுவிடுவார்களோ என்று நான் ஒருநாளும் பயந்ததில்லை. கத்திரிக்காய் விலை, மாமியார் சண்டை, கூட்டல் கணக்கு. யார் கேட்டால் என்ன?

இந்த முறை வேலை வேறு. சில மருத்துவர்கள் சேர்ந்து நடத்திய சிறிய அமைப்பு ஒன்று, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களிடம் எப்படிப் பேசுவது என்று தன் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்க நினைத்தது. அதற்கு அந்தத் தாய்மார்கள் சொல்வதை அவர்கள் வாயாலேயே கேட்டுப் பதிந்து வர வேண்டும். குப்பங்களில் என்னைப் பலருக்கும் தெரியும் என்பதால் என்னைக் கேட்டார்கள். நான் ஒப்புக்கொண்டேன். பெயர் சொல்லக் கூடாது, ஊர் சொல்லக் கூடாது, பதிவை வெளியாள் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

காலையில் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குப் போவேன். அப்போது அவர்கள் தகர ஷெட்டுகளில் இருந்தார்கள். பகலில் உள்ளே உட்கார முடியாது. சவுக்குத் தோப்பு நிழலில் மணலில் உட்கார்ந்து, கைக்கு அடக்கமான ரெக்கார்டரை நடுவில் வைத்துப் பேசுவோம். வீட்டுக்கு வந்ததும் பதிவுகளை லேப்டாப்பில் ஏற்றுவேன். மாதம் ஒரு முறை அதை எடுத்துக்கொண்டு ரயிலில் சென்னைக்குப் போய் மருத்துவர்களிடம் போட்டுக் காட்டிவிட்டு வருவேன்.

என் தம்பி கூடுவாஞ்சேரியில் குடியிருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தவன் லேப்டாப்பைப் பார்த்துவிட்டுக் கேட்டான்.

“அக்கா, இதைத் தூக்கிக்கிட்டு பஸ்லயும் ட்ரெயின்லயும் அலையறியே, எவனாவது அடிச்சிட்டுப் போனா என்ன பண்ணுவ?”

“பாஸ்வேர்டு போட்டிருக்கேன்டா.”

அவன் சிரித்தான். அடுத்த வாரம் தன்னுடைய கம்ப்யூட்டரையே காரில் ஏற்றிக்கொண்டு வந்தான். என் லேப்டாப்பின் அடியில் இருந்த திருகுகளைக் கழற்றி, உள்ளேயிருந்த டிஸ்க்கை எடுத்துத் தன் கம்ப்யூட்டரில் மாட்டினான். பாஸ்வேர்டு ஒன்றும் கேட்கவில்லை. அவன் ஏதோ ஒரு கோப்பைத் தட்டினான். எங்கள் கூடத்தில் ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். போன வாரம் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள். சமையலறையிலிருந்து என் கணவர் எட்டிப் பார்த்தார்.

“நிறுத்துடா,” என்றேன்.

அவன் நிறுத்தினான். அவனுக்கும் முகம் மாறிவிட்டது. “சாரிக்கா. உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது,” என்றான்.

அன்று முழுக்க உட்கார்ந்து அவன் அந்த டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்தான். திரையில் ஒரு பச்சைப் பட்டை ஊர்ந்துகொண்டே இருந்தது. எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினான். உள்ளே இருப்பதெல்லாம் அர்த்தமில்லாத எழுத்துக் குப்பையாகக் கலைந்துவிடும். நான் தேர்ந்தெடுக்கும் ஒரு நீளமான வாக்கியத்தை அடித்தால் மட்டும் பழையபடி சேரும். ஒரு வார்த்தை போதாது, ஒரு வாக்கியமே வேண்டும். எங்கேயும் எழுதி வைக்கக் கூடாது. நகல் எடுத்து வைக்கிற சின்ன டிஸ்க்குக்கும் அதே மாதிரி செய்து கொடுத்தான்.

“நான் அந்த வாக்கியத்தை மறந்துட்டா?”

“அவ்வளவுதான். நானும் திறக்க முடியாது. இந்த புரோகிராமை எழுதினவனே வந்தாலும் முடியாது.”

மறுநாள் குப்பத்தில் இதைப் பெருமையாகவே சொன்னேன். பேசத் தயங்கியவர்கள் சிலர் அதன் பிறகுதான் பேசினார்கள். அவர்களில் ஒருத்தியைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

அவளுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கருவாடு வாங்கி, கூடையில் வைத்துச் சந்தைக்குச் சந்தை போய் விற்பாள். ஒரே பெண் குழந்தை, ஆறு வயது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இவள் மீன் வாங்கப் போன நேரத்தில் கரையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை போய்விட்டது. கணவன் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. கடற்கரைச் சாலை ஓரத்தில் புதிதாக எழும்பிய ஓட்டல்களில் சித்தாள் வேலை செய்தான். மீதி நேரம் குடித்தான்.

அவள் நான் போகும்போதெல்லாம் கூட்டத்தின் ஓரத்தில் வந்து உட்காருவாள். பேச மாட்டாள். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். பூட்டு விஷயத்தைச் சொன்ன பிறகு ஒருநாள் பஸ் நிறுத்தம் வரை கூட நடந்து வந்தாள்.

“மேடம், அந்தப் பொட்டி தொலஞ்சி போச்சுன்னு வெச்சுக்கோ. எடுத்தவன் கேக்க முடியுமா?”

“முடியாது.”

“போலீசு?”

“முடியாதும்மா.”

“ஆபீஸ்காரன் யாராச்சும் வந்து கேட்டா?”

“என்னைத் தவிர யாராலும் முடியாது. திறக்கிற வாக்கியம் என் மனசுலதான் இருக்கு.”

பஸ் வருகிறதா என்று சாலையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு, “புதங்கெழம வா. அந்தாளு வேலைக்குப் பூடுவான்,” என்றாள்.

அவள் சொன்னதை இங்கே எழுத அவளுடைய சம்மதம் இருக்கிறது. யாருக்குத் தெரியக் கூடாது என்று அவள் பயந்தாளோ அவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அப்படியும் சில அடையாளங்களை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

கடல் வந்து போன பிறகு அவள் கணவன் குழந்தையைத் தேடிக் கரையோரமாகவே தெற்கே போயிருக்கிறான். சோறு இல்லை, தூக்கம் இல்லை. போகிற ஊரிலெல்லாம் கிடத்தியிருந்த உடல்களின் முகத்துணியை விலக்கிப் பார்த்திருக்கிறான். கடைசியில் ஒரு நாள் விடிகாலையில் யாரோ ஒருவரின் மீன் வண்டியில் திரும்பி வந்தான். மடியில் துணியில் சுற்றிய ஒரு குழந்தை. முகம் பார்த்து அடையாளம் சொல்லும் நிலையில் இல்லை. சிவப்புக் கவுன், வெள்ளைக் காலர். திருக்கழுக்குன்றத்தில் பொங்கலுக்காக முன்கூட்டியே வாங்கி, அன்று மகள் அடம்பிடித்துப் போட்டிருந்த கவுன் மாதிரியே இருந்தது.

“நம்ம பாப்பாதானே?” என்று கேட்டானாம்.

அவள் துணியை விலக்கிக் கால்களைப் பார்த்தாள். அவள் மகளுக்கு வலது காலில் இரண்டு விரல்கள் ஒட்டிப் பிறந்திருந்தன. இந்தக் குழந்தையின் விரல்கள் தனித்தனியாக இருந்தன.

“அந்தாளு மூஞ்சிய பாத்தேங்க்கா,” என்றாள் அவள். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவள் அப்போதுதான் அக்கா என்றாள். “இல்லன்னு சொல்லிருந்தா மறுபடியும் தேடப் பூடுவான். போனா திரும்பி வர மாட்டான்னு தோணிச்சு. ஆமாய்யா, நம்ம பாப்பாதான்னுட்டேன். அப்பதான் அவன் அழுதான். அதுவரிக்கும் அழவே இல்ல.”

குப்பத்துக்குப் பின்னால் சவுக்குத் தோப்பில் புதைத்தார்கள். அரசாங்க ஆட்கள் வந்து அவர்கள் மகள் என்றே எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். பிறகு உண்மையைச் சொல்ல அவளுக்கு வழியே இல்லாமல் போனது. சொன்னால் கணவன் என்ன ஆவானோ என்ற பயம் ஒரு பக்கம். பொய் சொல்லி எழுதிக்கொடுத்ததற்காகத் தன்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் இன்னொரு பக்கம்.

“எம் பொண்ணு கடல்லயே கீது. அத நான் தாங்கிக்குவேன். ஆனா இங்க படுத்துகினு கீதே ஒண்ணு, அது யாரு பெத்த புள்ளையோ. அத பெத்தவ எங்கியோ தேடிகினு இருப்பா இல்ல?”

ரெக்கார்டரின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளே கையை நீட்டி, “போதும், அணச்சிடு,” என்றாள்.

அந்தப் பதிவை நான் மருத்துவர்களுக்குப் போட்டுக் காட்டவில்லை. சரியா தவறா தெரியாது, மனம் வரவில்லை. அது லேப்டாப்பில் மற்ற குரல்களோடு இருந்தது. காலையில் வாக்கியத்தை அடித்துத் திறக்கும்போதெல்லாம் அது உள்ளே இருக்கிறது என்ற நினைவு வரும்.

அடுத்த ஆண்டு கோடையில் சென்னைக்குப் போகும்போது ரயிலில் அது திருடு போனது. செங்கல்பட்டில் ஏறும்போது இடம் கிடைத்தது. பையை மேலே வைத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். கூடுவாஞ்சேரியில் கூட்டம் நெருக்கியது. கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண்ணுக்கு எழுந்து இடம் கொடுத்து, கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டேன். தாம்பரத்தில் பாதிக் கூட்டம் இறங்கியது. நிமிர்ந்து பார்த்தால் மேலே என் பை இல்லை. லேப்டாப், ரெக்கார்டர், நகல் வைத்திருந்த சின்ன டிஸ்க், எல்லாம் அந்த ஒரே பையில்தான். மருத்துவர்களிடம் காட்டுவதற்காக அன்று எல்லாவற்றையும் சேர்த்து எடுத்து வந்திருந்தேன்.

ரயில்வே போலீசில் புகார் கொடுத்தேன். “உள்ளே என்ன இருந்துச்சு?” என்று கேட்டார் அங்கிருந்தவர். “ஆபீஸ் ஃபைல்,” என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

தம்பிக்கு போன் செய்தேன். அவன் உடனே கிளம்பித் தாம்பரத்துக்கே வந்துவிட்டான். டீக்கடையில் உட்கார வைத்து ஆறுதல் சொன்னான்.

“அக்கா, பயப்படாத. ஒருத்தனாலும் திறக்க முடியாது. ஃபார்மட் பண்ணி வித்துடுவான், அவ்வளவுதான்.”

“ஃபார்மட் பண்ணா எல்லாம் அழிஞ்சிடுமா?”

“ஆமா. நல்லதுதானே?”

நல்லதுதான். மருத்துவர்களும் அதையேதான் சொன்னார்கள். ‘நல்லவேளை, முன்யோசனையோடு செய்திருக்கிறீர்கள்’ என்று பெரியவர் ஒருவர் என்னைப் பாராட்டினார். வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து முகம் கழுவும்போதுதான் அழுகை வந்தது. என்னிடம் அந்த வாக்கியம் அப்படியே இருந்தது, ஒரு எழுத்தும் மறக்கவில்லை. அதை அடிப்பதற்குத்தான் எதுவும் இல்லை.

குப்பத்துக்குப் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. சிலர், “வுடு மேடம், பொட்டிதானே,” என்றார்கள். ஒருத்தி கோபப்பட்டாள். “மறுபடியும் மொதல்லேந்து சொல்லணுமா? என்னால ஆவாது,” என்று எழுந்து போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. இறந்துபோன மகன் பாடுவது போலவே ஒரு பாட்டை எனக்குப் பாடிக் காட்டியவள் அவள். அந்தப் பாட்டும் போய்விட்டது.

கருவாட்டுக்காரியைத் தனியாகப் பார்த்தேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு நான் சொன்னதைக் கேட்டாள்.

“யாரும் தொறக்க முடியாது இல்ல?”

“முடியாது. சத்தியமா.”

“நீ?”

“நானும்தான். அந்தப் பெட்டி என் கையில் இல்லையே.”

அவளுக்கு நிம்மதியாக இருக்கும் என்றுதான் நினைத்துப் போனேன். அவள் தலையை ஆட்டினாள். கூடையைத் துணியால் மூடியபடி, “அப்ப நான் சொன்னது எங்கியுமே இல்லியா?” என்று கேட்டாள்.

“எனக்கு ஞாபகம் இருக்கும்மா.”

“நீ நெனப்பு வெச்சிகினு இருக்கறது வேறக்கா. அதுல இருந்தா, என்னிக்காச்சும் அந்தப் புள்ளைய பெத்தவ தேடிகினு வந்தா, நான் செத்துப் பூட்டா கூட, இந்தா கேளுன்னு நீ குடுப்பேன்னு நெனச்சிகினு இருந்தேன்.”

நான் போலீசுக்கும் திருடனுக்கும் பயந்து அந்தக் குரலைப் பூட்டியிருந்தேன். அவள் யாரோ ஒருத்தி வந்து கேட்கட்டும் என்று அதை என்னிடம் கொடுத்திருந்தாள். இது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுபடி பதிந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். “அந்தாளு இருக்கறப்ப இன்னொரு தடவ என்னால வாயத் தொறக்க முடியாதுக்கா,” என்றாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள்.

அந்தத் திட்டம் அதோடு நின்றது. நான் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆனால் அவளைப் பார்ப்பது நிற்கவில்லை. மாதத்துக்கு ஒரு முறையாவது கருவாட்டோடு எங்கள் வீட்டுக்கு வருவாள். காப்பி குடித்துவிட்டுப் போவாள். அவள் கணவனுக்கு மஞ்சள் காமாலை வந்து கல்லீரல் கெட்டுப்போனது. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்திருந்த நாட்களில் நான்தான் சாப்பாடு எடுத்துப் போனேன். நினைவு தப்புவதற்கு முன்னால், தன்னைப் பாப்பாவுக்குப் பக்கத்திலேயே புதைக்கச் சொன்னான். அவள் சரி என்றாள். அப்படியே செய்தாள்.

அவன் போன சில மாதங்களில் ஒரு மத்தியானம் வந்தாள். சந்தையில் கேள்விப்பட்டதாகச் சொன்னாள். செய்யூர் பக்கத்துக் குப்பம் ஒன்றில் ஒருத்தி. அவளுடைய பெண்ணும் அதே வயது. உடல் கிடைக்கவே இல்லை.

“வரியாக்கா? தனியா போக பயமா கீது.”

போனோம். கடற்கரைச் சாலையில் பஸ், அப்புறம் ஷேர் ஆட்டோ, அப்புறம் வேர்க்கடலைக் கொல்லை வழியாக நடை. அந்தப் பெண்மணிக்கு என் வயது இருக்கும். கருவாடு எடுக்க வந்திருக்கிறோம் என்று இவள் சொன்னதை நம்பி உள்ளே உட்கார வைத்தாள். பேச்சு தானாகவே அந்த நாளுக்குப் போனது. கடற்கரையில் அப்போதெல்லாம் எந்தப் பேச்சும் அங்கேதான் போய் நிற்கும்.

“எம் பொண்ணு சாவல,” என்றாள் அந்தத் தாய், சாதாரணமாக. “யாரோ எடுத்துகினு போய் வளக்கறாங்க. பேரு சொல்லத் தெரியும், ஊரு சொல்லத் தெரியாது. பெருசானா தேடிகினு வந்துடும்.”

எழுந்து போய் ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டு வந்து கொட்டினாள். செருப்புகள். வருஷத்துக்கு ஒரு ஜோடி வாங்குகிறாளாம். “காலு எவ்ளோ வளந்திருக்கும்னு தெரியல. கடையில அதே வயசுப் பொண்ணு ஒண்ண நிக்க வெச்சி அளவு பாத்து வாங்கினேன். சரியா இருக்குமா?” என்று என்னைக் கேட்டாள். சரியாக இருக்கும் என்றேன்.

என் கூட வந்தவள் ஒரு செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “அன்னிக்கு இன்னா துணி போட்டிருந்துச்சு யக்கா?” என்று கேட்டாள்.

“செவப்பு கவுனு. வெள்ள காலரு வெச்சது.”

நான் கூட வந்தவளின் முகத்தைப் பார்க்கவில்லை. செருப்பைப் பையில் போடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தத் தாய் எங்களுக்கு நண்டுக் குழம்பு ஊற்றிச் சோறு போட்டாள். இவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்து, கருவாட்டு விலை பேசி, வாங்கிக்கொண்டு கிளம்பினோம்.

கடலைக் கொல்லையைத் தாண்டினோம்.

“சொல்லலியே,” என்றேன்.

“இன்னான்னு சொல்லுவேன்? சொன்னா அந்தச் செருப்பையெல்லாம் அவ இன்னா பண்ணுவா?”

பஸ்ஸில் என் தோளில் சாய்ந்துகொண்டாள். அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் பழகிக்கொண்டார்கள். கருவாட்டு வியாபாரம் என்ற பெயரில் இவள் அங்கே போவாள். அவள் இங்கே வருவாள். அந்த ஆண்டு நினைவு நாளில் குப்பத்தார் எல்லோரும் கடலில் பால் ஊற்றப் போனார்கள். இவள் எனக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது அந்தத் தாயும் வந்திருந்தாள். கடலில் ஊற்றி முடித்ததும், “எங்கூட்டுப் புள்ள அந்தாண்ட தோப்புல கீது, ஒரு எட்டு வா யக்கா,” என்று இவள் அவளைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள்.

சவுக்குத் தோப்பில் இரண்டு மேடுகள், பெரியது ஒன்று, சின்னது ஒன்று. இவள் பெரிய மேட்டில் பூவைப் போட்டாள். பிறகு பால் செம்பை அந்தத் தாயிடம் நீட்டி, “நீ ஊத்து,” என்றாள்.

“நானா? நீதானே பெத்தவ.”

“நீயும் பெத்தவதான். ஊத்து.”

அவள் சின்ன மேட்டின் மேல் மெதுவாக, மண்ணில் குழி விழாதபடி, சுற்றிச் சுற்றி ஊற்றினாள். ஊற்றிவிட்டுக் குனிந்து, மேட்டில் கிடந்த சவுக்கு முள்ளைக் கையால் ஒதுக்கிச் சுத்தம் செய்தாள். இவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். திடீரென்று மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அத்தனை ஆண்டுகளில் இவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அந்தத் தாய் இவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

“அழுவாத. உனக்காச்சும் உம் பொண்ணு கைக்குக் கெடச்சா. எங்க கீதுன்னு தெரிஞ்சி வந்து பால் ஊத்தறே. அழுவாத, எழுந்திரு,” என்றாள்.